பழைய டிஸ்கவரி 3ஐ மட்டக்களப்பில் ஓட வைப்பது: முழுமையான வழிகாட்டி

லான்ட் ரோவர் டிஸ்கவரி 3 வெளிவந்தது 2004இல். 2009இல் டிஸ்கவரி 4 வந்ததோடு அதன் உற்பத்தி நின்றது. ஆகவே இன்று கைமாறுகிற எந்த டிஸ்கவரி 3உம் பதினைந்து வயதைக் கடந்தது. வண்டி கிழடானாலும் பாகங்களின் விலைக்கு வயதாவதில்லை. அதிலும் கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கடலோரமாகவே நிற்கும் வண்டிக்கு உப்புக்காற்று ஒரு பக்கம், ஐப்பசி முதல் தை வரை கொட்டும் மாரி இன்னொரு பக்கம். படுவான்கரைக்குப் போனால் கிறவல் புழுதி.

இங்கே சொல்வதெல்லாம் 2.7 லீற்றர் வி6 டீசல் எஞ்சின், எயார் சஸ்பென்ஷன், ஆறு கியர் ஓட்டோ கியர்பொக்ஸ் உள்ள வண்டிக்கு. இந்த வண்டியில் காசு கரைவது பெரும்பாலும் பழுதால் அல்ல, பழுதைத் தேடும் வரிசை பிழைப்பதால். பற்றரி இறங்கியதற்குக் கொம்பிரசர் மாற்றுவார்கள். காற்று கசியும் பை அப்படியே இருக்க, புதுக் கொம்பிரசரைப் பூட்டி அதையும் எரிப்பார்கள். கீழே உள்ள வரிசை மலிவானதிலிருந்து விலைகூடியதற்குப் போகிறது. நடுவில் தாண்ட வேண்டாம்.

முதலில் மின்சாரம்

திரையில் சஸ்பென்ஷன் பழுது, கியர்பொக்ஸ் பழுது, இறக்கக் கட்டுப்பாடு (இறக்கத்தில் வேகத்தைத் தானே அடக்கும் வசதி) இல்லை என்று மூன்று நான்கு எச்சரிக்கைகள் ஒன்றாக வந்தால், அவை எல்லாம் ஒரே நேரத்தில் பழுதாகியிருக்க வாய்ப்புக் குறைவு. வோல்ற் குறைந்தால் இந்த வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றையொன்று கேட்க முடியாமல் ஆளாளுக்குக் குறை சொல்லும்.

மல்ரிமீற்றர் ஒன்று வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் கதவைத் திறக்குமுன் பொனற்றைத் திறந்து வைக்க வழியிருந்தால் நல்லது. கதவு திறந்தாலே பல பெட்டிகள் விழித்து மின் இழுக்கும். பற்றரி முனைகளில் 12.6 வோல்ற் இருந்தால் நிறைவு. 12.2க்குக் கீழ் என்றால் பாதி காலி. ஒருவர் ஸ்ராற் பண்ண, மற்றவர் மீற்றரைப் பார்க்க வேண்டும். அந்த நேரம் 10 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் பற்றரிக்கு ஆயுள் முடிகிறது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை வர வேண்டும். வராவிட்டால் ஒல்ரனேற்றர் அல்லது அதன் இணைப்பு.

பற்றரி நன்றாக இருந்தும் எச்சரிக்கை தொடர்ந்தால் எர்த் இணைப்புகளைப் பாருங்கள். பற்றரியின் நெகற்றிவ் கேபிள் பொடியில் பூட்டப்படும் இடம், எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையிலான பட்டை, இரண்டும் கடற்காற்றில் உள்ளுக்குள் பச்சை பிடிக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. கழற்றி, உலோகம் மினுங்கும்வரை சுரண்டி, இறுக்கிய பின் மேலே வசலின் அல்லது கிறீஸ் பூச வேண்டும். பூசிவிட்டு இறுக்குவது பிழை.

அடுத்தது பிறேக் லைற் சுவிற்ச். ஆயிரக்கணக்கான ரூபாவை வீணாக்கிய மிகச் சிறிய பாகம் என்றால் இதுதான். பிறேக் மிதிக்கப்பட்டிருக்கிறதா இல்லையா என்று இதைக் கேட்டுத்தான் ஏபிஎஸ், கியர்பொக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் முடிவெடுக்கின்றன. உள்ளே இருக்கும் தொடுமுனை தேய்ந்தால் இறக்கக் கட்டுப்பாடும், மணல், சேறு என்று தரைக்கேற்பத் தெரியும் சிறப்பு ஓட்டமுறைகளும் நின்றதாகத் திரை சொல்லும்; சில வேளை கியர் பார்க்கிலிருந்து நகராது. சாரதிப் பக்கக் கால்மூடியைக் கழற்றினால் பெடலுக்கு மேலே தெரியும். திருகிக் கழற்றலாம். புதியதைப் பூட்டி முடியும்வரை பெடலை மிதிக்கக் கூடாது. சுவிற்சின் ஊசி பூட்டும்போதே தன் நீளத்தைத் தானாக அமைத்துக்கொள்ளும் வகை.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பொதுவான ஸ்கேனர் எஞ்சினை மட்டும் வாசிக்கும். சஸ்பென்ஷனையும் ஹேண்ட் பிறேக்கையும் வாசிக்க லான்ட் ரோவருக்கென்றே செய்த கருவி வேண்டும். ஐஐடி டூல் அவற்றில் ஒன்று. இரண்டு மூன்று உரிமையாளர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தடவையும் கொழும்புக்கு வண்டி ஏற்றும் செலவு மிஞ்சும்.

எயார் சஸ்பென்ஷன்

நான்கு மூலையிலும் காற்றுப் பை, ஒவ்வொன்றுக்கும் உயரம் அளக்கும் ஒரு சென்சர், காற்றைத் திறந்து மூடும் வால்வுக் கட்டைகள், சேமிப்புத் தொட்டி, இடப்பக்கச் சேசிஸ் ஓரமாகப் பிளாஸ்ரிக் மூடிக்குள் கொம்பிரசர். சாதாரண உயரத்திலிருந்து ஏறி இறங்க வசதியாக 50 மி.மீ. தாழும், காட்டுப்பாதைக்கு 55 மி.மீ. உயரும்.

இது கெடும் முறை ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். பையின் மடிப்பில் றப்பர் வெடித்துக் காற்று மெல்லக் கசியும். அதை ஈடுகட்டக் கொம்பிரசர் அடிக்கடி ஓடும். பிஸ்ரன் றிங் தேயும், சூடாகும். கொம்பிரசரோடு ஒட்டிய உலர்த்தியில் ஈரத்தை உறிஞ்சும் சிறு மணிகள் உண்டு. எங்கள் கரையோரக் காற்றில் ஈரம் அதிகம். அவை நிரம்பி, நொருங்கி, மாவாகும். அந்த மா குழாய்வழி போய் வால்வுக் கட்டையில் படிந்தால் வால்வு முழுதாக மூடாது. இப்போது பை மாற்றினாலும் கசியும். கசிவு சிறிதாக இருக்கும்போதே பிடிக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

கசிவைக் கண்டுபிடிக்க ஓர் இரவு போதும்.

1. சமதளச் சீமெந்துத் தரையில், சாதாரண உயரத்தில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். கதவுகள் மூடியிருக்கட்டும்.

2. ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்து மேலே மட்காட்டின் விளிம்புவரை அளந்து, எழுதி வையுங்கள். கண்மதிப்பு உதவாது.

3. சஸ்பென்ஷன் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பியூஸைக் கழற்றுங்கள். எது என்று பியூஸ் பெட்டிப் படத்தில் இருக்கும். கழற்றாவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே இடைக்கிடை விழித்து, தாழ்ந்த மூலைக்கு ஏற்ப மற்ற மூன்றையும் இறக்கிச் சமப்படுத்தும். காலையில் நான்கும் ஒன்றாகத் தாழ்ந்து நிற்கும். எது கள்ளன் என்று தெரியாது.

4. பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து மீண்டும் அளங்கள். இரவுக் குளிரில் காற்றுச் சுருங்குவதால் நான்கும் ஒரேயளவில் சில மி.மீ. இறங்குவது வழமை.

ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பை, அல்லது அதன் குழாய் இணைப்பு. முன் இரண்டும் சேர்ந்து இறங்கினால் முன் பம்பருக்குப் பின்னால் உள்ள வால்வுக் கட்டையைச் சந்தேகியுங்கள். ஒன்றுமே இறங்கவில்லை, ஆனால் ஓட்டும்போது கொம்பிரசர் ஓயாமல் ஓடுகிறது என்றால் தொட்டிப் பக்கக் கசிவு, அல்லது கொம்பிரசரே இளைத்துவிட்டது.

இடத்தை உறுதிசெய்ய, ஒரு லீற்றர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் 50 மி.லீ. கலந்து தெளியுங்கள். இணைப்புகளில் குமிழி உடனே வரும். பையில் வராவிட்டால் வண்டியைக் காட்டுப்பாதை உயரத்துக்கு ஏற்றி மடிப்பை விரித்துத் தெளியுங்கள்; தாழ்ந்த உயரத்திலும் ஒரு தடவை. சில வெடிப்புகள் ஒரு நிலையில் மட்டும் வாய் திறக்கும். குழாய் இணைப்பில் கசிந்தால் புதுப் பாகம் தேவைப்படாமலும் போகலாம்: குழாயின் நுனியில் பிடிப்பு வளையம் கீறிய பகுதியைக் கூரான பிளேட்டால் நேர்குத்தாக வெட்டி, மீண்டும் அடிவரை தள்ளிப் பூட்டினால் பல தடவை நின்றுவிடும். சரிவாக வெட்டினால் நிற்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதில் விளையாட்டில்லை. காற்றுப் பையை நம்பி வண்டிக்குக் கீழே யாரும் படுக்கக் கூடாது. கதவு திறந்திருந்தால் உயரம் மாறாது என்பது உண்மை. ஆனால் குழாய் ஒன்று கழன்றால் கதவு உதவாது. இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட வண்டி ஒரு நொடியில் இறங்கும். சேசிஸுக்குக் கீழே ஸ்ராண்ட் வைத்த பிறகே கை நீட்டுங்கள். பை கழற்றுமுன் கருவியால் அந்த மூலையின் காற்றை வெளியேற்ற வேண்டும்.

பைகளைச் சோடியாக மாற்றுங்கள். இரண்டும் ஒரே வயது. ஒன்று வெடித்தால் மற்றதும் வரிசையில் நிற்கிறது. மாற்றிய பின் வண்டியை வெறும் பையோடு ஜக்கிலிருந்து இறக்கக் கூடாது. மடிப்பு கோணலாகப் பிடிபட்டு, புதுப் பை அன்றே பழுதாகும். சில்லு தொங்கிய நிலையிலேயே கொஞ்சம் காற்று ஏற்றி, பிறகு இறக்குங்கள்.

கொம்பிரசர் மெதுவாக ஏற்றுகிறது, ஆனால் ஓடுகிறது என்றால் முழுதாக மாற்ற அவசரப்பட வேண்டாம். பிஸ்ரன் றிங், சிலிண்டர் உறை, உலர்த்தி மணிகள் அடங்கிய திருத்தத் தொகுதி கிடைக்கும்; பாதிநாள் வேலை. வண்டியோடு வந்தது பொதுவாக ஹிற்றாச்சி நிறுவனத்தின் கொம்பிரசர். அதற்குப் பதில் ஏஎம்கே நிறுவனத்தினது வாங்கினால் சஸ்பென்ஷன் மென்பொருளையும் கருவியால் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வசதியில்லாத கராஜில் ஏஎம்கே பூட்டினால் பழுது பழையபடி நிற்கும். எதைப் பூட்டினாலும் அதன் ரிலேயையும் புதிதாக மாற்றுங்கள். பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் கொம்பிரசர் நிற்காமல் ஓடி எரியும்.

கொம்பிரசர் சரி, கசிவில்லை, ஆனாலும் குலுங்கும் பாதையில் திடீர் திடீரென்று பழுது வருகிறதா? உயர சென்சர்களின் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். பச்சைப் பொடி இருந்தால் மின்தொடர்பு சுத்திகரிப்பான் தெளித்துத் துடைத்து, சிலிக்கன் கிறீஸ் இட்டுப் பூட்டுங்கள். சென்சரையே மாற்றினால் உயரத்தை மீண்டும் அளவுசெய்து பதிய வேண்டும்.

பாசிக்குடா மணலிலோ வாகரைக் கரையிலோ போய்வந்தால் அன்றே கழுவ வேண்டும். பையைச் சுற்றியுள்ள உறைக்குள் மணல் தங்கி, ஒவ்வொரு குலுக்கலிலும் றப்பரை அரைக்கும். வண்டியை உயர்த்தி, அழுத்தம் குறைந்த குழாயால் மேலிருந்து ஊற்றுங்கள். கரையோரக் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகும். உன்னிச்சைக் குளத்துக் குழாய்நீர் வரும் வீடென்றால் அதைப் பாவியுங்கள்.

மாரிக்கு முன்

கண்ணாடிக் கூரை உள்ள வண்டியில் அதன் ஓரத் தண்ணீர், முன் தூண்களுக்குள் செல்லும் மெல்லிய குழாய்களால் கீழே வடியும். அவை அடைத்தாலோ முனை கழன்றாலோ தண்ணீர் உள்ளே இறங்கிக் காலடிக் கம்பளத்தையும் பயணிப் பக்கப் பியூஸ் பெட்டியையும் நனைக்கும். பிறகு வரும் மின் பழுதுகளுக்குக் கணக்கில்லை.

புரட்டாதிக்குள் செய்யுங்கள்: கூரையைத் திறந்து, மூலையில் உள்ள துளைக்குள் அரை கோப்பைத் தண்ணீர் மெல்ல ஊற்றுங்கள். சில்லுப் பக்கம் வடிந்தால் சரி. வடியாவிட்டால் நைலோன் புல்வெட்டிக் கயிற்றை உள்ளே விட்டுத் தள்ளுங்கள். கராஜ் கொம்பிரசரால் ஊதுவார்கள். வேண்டாம், தூணுக்குள் இணைப்புக் கழன்றுவிடும். கம்பளத்தை மேலே தொட்டுப் பார்த்தால் போதாது. அடியில் தடித்த பஞ்சு இருக்கிறது; அது ஊறியிருந்தால் தூக்கி வெயிலில் காயவைக்க வேண்டும்.

மழைவெள்ளத்தில் இறங்குவதானால், எயார் சஸ்பென்ஷன் வண்டிக்கு நிறுவனம் சொல்லும் ஆழம் 700 மி.மீ., அதுவும் உயர்த்திய நிலையில், நடைவேகத்தில். பின்னர் முன் பின் டிபரன்ஷியல் ஒயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறமென்றால் தண்ணீர் ஏறிவிட்டது. அதே கிழமை மாற்றுங்கள்.

எஞ்சின்: இரண்டு பெல்ற், ஒரு ஒயில்

பிரித்தானிய அட்டவணைப்படி ரைமிங் பெல்ற்றுக்கு 105,000 மைல், அதாவது ஏறத்தாழ 169,000 கி.மீ., அல்லது 7 வருடம். இந்த வெக்கையிலும் புழுதியிலும் 100,000 கி.மீ. அல்லது 5 வருடம் என்று வைத்துக்கொள்வதே புத்தி. பெல்ற் அறுந்தால் வால்வுகளும் பிஸ்ரன்களும் மோதும். வாங்கிய வண்டியில் மாற்றியதற்கு ஆதாரம் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

முன்னால் உள்ள பெல்ற்றை எல்லோரும் மாற்றுவார்கள். எஞ்சினின் பின்பக்கம், உயரழுத்த டீசல் பம்பை ஓட்டும் இன்னொரு சிறு பெல்ற் உண்டு. கை நுழைவது கஷ்டம் என்பதால் விட்டுவிடுவார்கள். அது அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நிற்கும். விலை பேசும்போதே இரண்டையும் சேர்த்துப் பேசுங்கள். ரென்ஷனர், ஐட்லர், தண்ணீர்ப் பம்ப் மூன்றும் அதே நேரம். ஆரம்ப கால எஞ்சின்களில் ஒயில் பம்பின் வார்ப்பில் ரென்ஷனர் பூட்டும் இடம் பலவீனமானது, முறிந்த வண்டிகள் பல. முன்பக்கம் திறந்திருக்கும்போதே பின்னர் வந்த தடித்த வார்ப்புப் பம்பைப் பூட்டிவிடுவது மலிவு.

ஒயில் 5டபிள்யூ-30, போர்ட் 913-பி தரம், பில்ற்றரோடு ஏறத்தாழ 6 லீற்றர். நிறுவன அட்டவணை 24,000 கி.மீ. வரை விடும். இந்த எஞ்சின் குடும்பத்துக்குக் கிராங் பெயரிங் சுழன்று கிராங் முறியும் கெட்ட பெயர் இருக்கிறது; அந்த நிலையில் திருத்தம் என்பது வேறு எஞ்சின்தான். 8,000 கி.மீ. அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டீசலில் கந்தகம் குறைந்த சுப்பர் டீசல் கிடைக்கும்போது அதையே அடியுங்கள். பில்ற்றரில் தேங்கும் தண்ணீரை ஒவ்வொரு சேர்விஸிலும் வடிக்க மறக்க வேண்டாம்.

இழுவை திடீரென்று போய்க் கரும்புகை வந்தால் டேர்போவைக் குற்றம் சாட்டுமுன், டேர்போவிலிருந்து இன்ரர்கூலருக்குப் போகும் றப்பர் குழாய்களை அடிப்பக்கம் தடவிப் பாருங்கள். கீறல் இருந்தால் கையில் ஒயில் ஒட்டும். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: உண்மையிலேயே டேர்போ என்றால் பல கராஜ்கள் பொடியைச் சேசிஸிலிருந்து தூக்கித்தான் வேலை செய்யும். குழாயின் விலையோடு ஒப்பிடவே முடியாது.

கூலன்ற் ஓஏரி (கரிம அமில) வகை, காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி. கிணற்றுத் தண்ணீர் ஒரு துளியும் கூடாது. வெப்ப ஏற்றத்தைச் சோதிக்கச் செங்கலடி–பதுளை வீதியில் லுணுகலை ஏற்றம் நல்ல இடம். சமதரையில் ஒளிந்திருக்கும் குறை அங்கே தெரிந்துவிடும்.

கியர்பொக்ஸ்

இந்த வண்டியில் இருப்பது இசட்எப் நிறுவனத்தின் 6எச்பி26. “வாழ்நாள் ஒயில்” என்ற சொல்லை நம்பி விட்டவர்கள் கியர்பொக்ஸின் வாழ்நாளைத்தான் குறைத்தார்கள். செய்த நிறுவனமே 80,000 முதல் 120,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. பில்ற்றர் பிளாஸ்ரிக் தட்டோடு சேர்ந்தது. தட்டையே மாற்ற வேண்டும். தட்டின் ஓரத்தில் கசிவு கண்டால் முதலில் வயர் நுழையும் பிளாஸ்ரிக் உறையின் ஓ-றிங்குகளைப் பாருங்கள். அங்கிருந்து வழிவது தட்டுக் கசிவு போலவே தோன்றும். தட்டைக் கழற்றும் நாளில் அந்த உறையையும் மாற்றிவிடுவது நல்லது.

ஒயில் லைஃப்கார்ட் 6 தரமே வேண்டும். நிரப்பும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். வண்டி சமதளத்தில், எஞ்சின் ஓடியபடி, எல்லாக் கியர்களுக்கும் ஒரு சுற்று மாற்றி, ஒயிலின் வெப்பம் 30 முதல் 50 பாகைக்குள் இருக்கும்போது நிரப்பும் துளையால் மெல்லிய நூலாய் வடிய வேண்டும். வைகாசிப் பகலில் கச்சான் வீசும்போது தொடங்கினால் 50ஐத் தாண்டியபின்தான் மூடுவீர்கள், அளவு குறையும். விடியற்காலையில் செய்யுங்கள்.

ஹேண்ட் பிறேக்கும் முன் கைகளும்

மின் ஹேண்ட் பிறேக் விடும்போது யானை பிளிறியதுபோல் சத்தம் போட்டால் பின் டிஸ்க்கின் நடுவில் உள்ள டிரம்மில் ஷூ தேய்ந்திருக்கிறது, அல்லது சரிசெய்யப்படவில்லை. ஒக்கந்தைப் பாதை மணலும் வயல்சேறும் உள்ளே போய் அரைப்பதுதான் காரணம். மோட்டார் தன் எல்லையைத் தாண்டி இழுத்துச் சிக்கிக்கொண்டால் மோட்டார்த் தொகுதியே போகும். டிஸ்கைக் கழற்றித் தூசு துடைத்து, பற்சக்கரத்தைத் திருகி டிஸ்க் இறுகும்வரை கொண்டுவந்து, பின் உரசாமல் சுழலும்வரை பின்வாங்குங்கள். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில். சில்லு நட்டுகள் 140 நியூட்டன் மீற்றர்.

முன் சில்லுகளைப் பிடிக்கும் கீழ்க் கைகளின் றப்பர் புஷ் தேய்ந்தால் பிறேக் பிடிக்கும்போது வண்டி பக்கம் இழுக்கும், ரயர் உள்பக்கம் தின்னும். வேலை எளிது, போல்ற்தான் எதிரி. புஷ்ஷின் இரும்புக் குழாய்க்குள் கறள் பிடித்து ஒன்றாகிவிடும், வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். புது போல்ற், நட்டுகளைக் கைகளோடு சேர்த்தே வாங்கி வையுங்கள், பூட்டும்போது கறளெதிர்ப்புக் கிறீஸ் பூசுங்கள். இறுதி இறுக்கம் வண்டி சாதாரண உயரத்தில் நிற்கும்போது. சில்லு தொங்கும்போது இறுக்கினால் றப்பர் எப்போதும் முறுகியபடியே நின்று, சில மாதத்தில் கிழியும். பிறகு வீல் அலைன்மென்ற்.

கொழும்புப் பயணத்துக்குப் பெட்டியில்

ஒரு பிறேக் லைற் சுவிற்ச், கொம்பிரசர் ரிலே, கலப்புப் பியூஸ்கள், ஒயில் ஒரு லீற்றர், கலந்த கூலன்ற் இரண்டு லீற்றர், ரயர் அடைக்கும் தொகுதி, சிறு காற்றுப் பம்ப். பைகளுக்குப் போகும் குழாய்களில் ரயர் வால்வு பூட்டும் அவசர இணைப்புத் தொகுதி கிடைக்கும். அதை முன்கூட்டிப் பூட்டி வைத்தால், கொம்பிரசர் வழியில் செத்தாலும் அதே சிறு பம்பால் ஒவ்வொரு மூலையையும் ஊதி வீடு வரலாம். அது இல்லாமல் வண்டி அடித்தட்டில் இறங்கிவிட்டால் நடைவேகத்தில் அடுத்த நிழலுக்குப் போய், லொறி கூப்பிடுங்கள்.

கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பாகம் வாங்கப் போகும்போது வண்டியின் சேசிஸ் இலக்கம் முழுதாகக் கையில் இருக்கட்டும். ஒரே வருட வண்டிகளுக்குள்ளேயே பாகங்கள் வேறுபடலாம். கடைக்காரர் வருடத்தை மட்டும் கேட்டுப் பொதி செய்தால், பழைய பாகத்தின் படத்தையும் அதில் பொறித்த இலக்கத்தையும் காட்டி ஒப்பிட்ட பின் காசு கொடுங்கள்.